பதினாறு கிலோமீட்டர் சலுகை

காரக்கோணம் சந்திப்பில் ஒரு பிற்பகல். பக்கத்தில் நின்றிருந்த பாட்டிக்கு எழுபது வயதுக்குக் குறையாது. ஒரு கையில் எக்ஸ்ரே உறை, மறு கையில் துணிப்பை. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறார் என்பது கேட்காமலே தெரிந்தது. மார்த்தாண்டம் போக எந்த பஸ் என்று அவரிடம் விசாரித்தேன்.

"இங்க நின்னா நேரம் போவும் மக்ளே. கண்ணுமாமூடு வர நடந்தா தமிழ்நாட்டு வண்டி கிட்டும். எனக்கு அதுல காசும் வேண்டாம்."

"இந்த வெயிலில் நடந்தால் கால் வலிக்காதா பாட்டி?"

"முட்டு வலிக்குத்தான மக்ளே படம் எடுக்க வந்தது" என்று சொல்லிவிட்டு அவர் நடக்க ஆரம்பித்தார். நானும் கூடவே நடந்தேன்.

காரக்கோணம் கேரளத்தில் இருக்கிறது. திருவனந்தபுரம் மாவட்டம், நெய்யாற்றின்கரை வட்டம். நடந்தே எட்டிவிடக்கூடிய கண்ணுமாமூடு தமிழ்நாட்டில், கன்னியாகுமரி மாவட்டத்தில். நடுவில் ஆறோ மலையோ கிடையாது. ரப்பர் மரங்கள், மரச்சீனித் தோட்டம், வீடுகள், மறுபடி ரப்பர். கடைப் பலகையில் எழுத்து மாறுவதை வைத்துத்தான் மாநிலம் மாறிவிட்டது என்று வெளியூர்க்காரர் தெரிந்துகொள்ள வேண்டும். உள்ளூர்க்காரருக்கு அதுவும் தேவையில்லை. இரண்டு பாஷையும் ஒரே வாக்கியத்தில் வந்து போகிற ஊர் இது.

பாட்டி சொன்ன "காசு வேண்டாம்" என்ன என்பது தமிழ்நாட்டு வாசகர்களுக்குத் தெரியும். 2021 மே மாதத்திலிருந்து அங்கே சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கேரளத்தில் 2022 மே மாதத்தில் குறைந்தபட்சக் கட்டணம் 8 ரூபாயிலிருந்து 10 ரூபாயாக உயர்ந்தது. முட்டுவலிக்காரப் பாட்டி இந்த இரண்டு அரசாணைகளையும் படித்திருக்கமாட்டார். ஆனால் இரண்டையும் கூட்டிக் கழித்துத் தன் போக்குவரத்துத் திட்டத்தைத் தானே வகுத்துக்கொண்டார். அந்தத் திட்டம் இரு மாநிலத் தலைநகரங்களிலும் எந்தக் கோப்பிலும் இல்லை. கேரளத்தின் கணக்கில் அவர் பயணியே அல்ல, நடந்து போய்விட்டார். தமிழ்நாட்டின் கணக்கில் அவர் கண்ணுமாமூட்டில் ஏறியவர்.

எல்லை ஊர்களின் பஸ் பிரச்சினையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "இரண்டு மாநிலங்களும் ஒத்துழைக்க வேண்டும்" என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். சட்டத்தைப் புரட்டிப் பார்த்தால் விஷயம் இன்னும் சுவாரஸ்யமானது. 1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 88-வது பிரிவு. ஒரு மாநிலம் கொடுத்த பர்மிட்டை வைத்துக்கொண்டு பஸ் அடுத்த மாநிலத்துக்குள் ஓட வேண்டுமானால், அங்குள்ள போக்குவரத்து அதிகாரமும் மேலொப்பம் இட வேண்டும். இதற்கு இரு மாநிலங்களும் ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. எந்தத் தடத்தில் எத்தனை நடை, மொத்தம் எத்தனை கிலோமீட்டர் என்று இரு தரப்புக்கும் சமமாக எண்ணி எழுதப்படும் ஒப்பந்தம். 2018-ல் கேரளமும் தமிழ்நாடும் இப்படி ஒரு கூடுதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன.

அதே பிரிவில் ஒரு விதிவிலக்கு ஒளிந்திருக்கிறது. பஸ் புறப்படும் இடமும் போய்ச் சேரும் இடமும் ஒரே மாநிலத்தில் இருந்து, நடுவழியில் கொஞ்ச தூரம் மட்டும் அடுத்த மாநிலத்தின் வழியாகப் போகிறதென்றால், அந்தத் தூரம் பதினாறு கிலோமீட்டரைத் தாண்டாதவரை மேலொப்பமே தேவையில்லை. மைல் கணக்கில் பத்து. வளைந்து நெளிந்து கிடக்கும் எல்லைகளுக்காக யாரோ புத்திசாலித்தனமாகச் சேர்த்த வரி. இந்தப் பகுதி மாதிரியான எல்லைக்கு ரொம்பவே பொருத்தம்.

இப்போது இதை மறுபக்கமாகப் படியுங்கள். கேரளத்தில் புறப்படும் பஸ் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, பதினாறு கிலோமீட்டர் ஓடி, மறுபடி கேரளத்தில் போய் நிற்கலாம். யாரையும் கேட்க வேண்டாம். ஆனால் ஒரே ஒரு கிலோமீட்டர் உள்ளே வந்து அங்கேயே நிற்க வேண்டுமென்றால் ஒப்பந்தம், மேலொப்பம், அரசிதழ் எல்லாம் வேண்டும். கடந்து போவதற்குச் சலுகை உண்டு. போய்ச் சேருவதற்குக் கிடையாது.

சட்டத்தின் இந்த ஒரு வரியில், நம் போக்குவரத்துத் திட்டங்கள் சிறிய ஊர்களைப் பார்க்கும் பார்வை முழுவதும் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. கடந்து போகிறவர்களை எண்ணத் தெரிகிறது. இறங்குகிறவர்களை எண்ணத் தெரியவில்லை. சின்ன ஊரோ இறங்குகிறவர்களால்தான் பிழைக்கிறது. டீக்கடை, மருந்துக்கடை, தையல் கடை, சந்தை, பள்ளிக்கூடம் எல்லாமே யாரோ பஸ்ஸிலிருந்து இறங்குவதை நம்பி நடப்பவை.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1938 பிப்ரவரி 20 அன்று திருவிதாங்கூர் மகாராஜா சித்திரைத் திருநாள் அரசு பஸ் போக்குவரத்தைத் தொடங்கி வைத்தார். நடத்துவதற்கு லண்டன் போக்குவரத்து வாரியத்தில் இருந்த சால்ட்டர் என்ற ஆங்கிலேயரை வரவழைத்திருந்தார்கள். தொடக்க நாளில் மகாராஜா ஏறிய பஸ்ஸை சால்ட்டரே ஓட்டினார் என்பது இன்றும் சொல்லப்படும் செய்தி. அந்த பஸ்கள் முதலில் ஓடிய முக்கியத் தடம் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரி. நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம் எல்லாம் ஒரே சாலையின் நிறுத்தங்கள். எல்லை என்ற சொல் அங்கே வயல் வரப்புக்கு மட்டும் பொருந்தும்.

1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுக்காக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அந்தப் போராட்டத்தின் வலியும் நியாயமும் வேறு கதை. 1954-ல் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தவர்களை இங்கே யாரும் மறந்துவிடவில்லை. நான் சொல்ல வந்தது பஸ்ஸைப் பற்றி. இணைப்புப் போராட்டத்தின் தலைவர் நேசமணியின் பெயரில் பிற்பாடு நாகர்கோவிலில் ஒரு அரசுப் போக்குவரத்துக் கழகம் வந்தது. 1997-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயர் எடுக்கப்படும்வரை அந்தப் பெயர் பஸ்ஸின் பக்கவாட்டில் இருந்தது. எல்லையை வரையப் பாடுபட்டவரின் பெயரைச் சுமந்த டவுன் பஸ்கள் பெரும்பாலும் அந்த எல்லையில் வந்து திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. பாவம், அவர் கேட்டது தமிழ் பேசும் மக்களுக்கு ஒரு மாநிலம். பஸ் திரும்பும் இடத்தை யாரும் அவரிடம் கேட்டிருக்கமாட்டார்கள்.

காரக்கோணத்தின் கதையில் ஒரு திருப்பம் 2002. அந்த ஆண்டில் தென்னிந்தியத் திருச்சபையின் மருத்துவக் கல்லூரி இங்கே தொடங்கியது. கல்லூரிக்கு டாக்டர் சாமர்வெல் பெயர். 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப்போன ஆங்கிலேயக் குழுக்களில் இருந்தவர். இமயத்தை விட்டுவிட்டு நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் கத்தியைப் பிடித்தார். நெய்யூர் இன்று தமிழ்நாடு, அவர் பெயரைத் தாங்கும் கல்லூரி கேரளம். அவர் காலத்தில் நோயாளி எந்த அரசின் பிரஜை என்ற கேள்வியே எழுந்திருக்காது. எல்லாரும் திருவிதாங்கூர்தான்.

மருத்துவக் கல்லூரி வந்ததும் காரக்கோணம் கிராமம் என்ற நிலையிலிருந்து மெல்ல ஒரு சிறு நகரமாக மாறத் தொடங்கியது. அது இறங்கும் ஊர் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் ஒரு பகுதியினர் எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள். இது இயல்பு. வலி வந்தால் மனிதன் பக்கத்து ஆஸ்பத்திரியைத் தேடுவான், பக்கத்து மாநிலமா என்று யோசிக்கமாட்டான். காய்கறிக்கும் துணிக்கும் இந்தப் பக்கத்தவர்கள் மார்த்தாண்டத்துக்கோ களியக்காவிளைக்கோ போவதும் அப்படித்தான். காரக்கோணத்தை மையமாக வைத்து ஒரு வட்டம் வரைந்தால் அதில் ஏறத்தாழ பாதி தமிழ்நாட்டில் விழும். மக்கள் அந்த முழு வட்டத்துக்குள் வாழ்கிறார்கள். திட்டம் போடுகிறவர்களிடம் இருப்பது அரை வட்டம்.

சாலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பகுதிக்குச் சாலை போடவில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. போடுகிறார்கள், தாராளமாகவே. கடற்கரைப் பக்கமாகக் கழக்கூட்டத்திலிருந்து முக்கோலா வழியாகக் காரோடு வரை புறவழிச் சாலை. முக்கோலாவுக்கும் காரோடுக்கும் இடையே சுமார் 16 கிலோமீட்டர் கான்கிரீட் சாலை. (மறுபடி அதே பதினாறு! தற்செயல்தான்.) காரோடு எல்லையில் இருக்கிறது. அங்கிருந்து தமிழ்நாட்டுக்குள் கன்னியாகுமரி வரை நான்கு வழிச் சாலை என்பது திட்டம். அந்தப் பணி ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. ஒரு மாநிலத்தில் சாலை முடிந்து அடுத்த மாநிலத்தில் தொடங்காமல் நின்ற காட்சியைக் காரோட்டிலேயே பார்க்க முடிந்தது. மார்த்தாண்டத்தில் இரும்பு மேம்பாலம், இரண்டரை கிலோமீட்டர் நீளம். 2018 கடைசியில் வண்டிகள் ஓட ஆரம்பித்தன. நாகர்கோவிலுக்கு அவசரமாகப் போகிறவர்களுக்கு வரப்பிரசாதம், மறுக்கவில்லை. நானும் அதன்மேல் போயிருக்கிறேன். மேலே போகும்போது மார்த்தாண்டம் என்ற ஊர் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. கீழே கடை வைத்திருப்பவருக்கு அது எப்படி இருக்கும் என்று யோசிக்கிற நேரத்துக்குள் பாலம் முடிந்துவிடுகிறது.

கிழக்கே மலையோர நெடுஞ்சாலை. பாறசாலையில் தொடங்கி, வெள்ளறடை வழியாக மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டிக் கேரளத்தின் வடகோடியில் காசர்கோடு மாவட்டத்தின் நந்தாரப்படவு வரை போகும் சாலை. 12 மீட்டர் அகலம். மலையோர விவசாயிகளுக்கு இது நெடுநாளைய கனவு. ரப்பரும் மிளகும் ஏற்றிக்கொண்டு குண்டும் குழியுமான பாதையில் திண்டாடியவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் இந்தச் சாலையின் வரைபடத்தைப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். கேரளத்தின் தெற்கு எல்லையில் தொடங்குகிறது, வடக்கு எல்லையில் முடிகிறது. மாநிலத்தின் இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் இணைக்கிறது. பாறசாலைக்காரர் நந்தாரப்படவுக்கு எத்தனை முறை போவார்? வாரம் மூன்று முறை களியக்காவிளைச் சந்தைக்குப் போவார்.

பெரிய சாலை போடுவதற்கு முன் ஆய்வு நடக்கும். வண்டிகளை ஓரமாக நிறுத்தி, எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். இதில் தேர்ந்த நிறுவனம் வேறெங்கும் இல்லை, திருவனந்தபுரத்திலேயே இருக்கிறது. தேசியப் போக்குவரத்துத் திட்டமிடல் மற்றும் ஆராய்ச்சி மையம், 1976-லிருந்து. அவர்களுடைய திறமையில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் சாலையோரத்தில் நின்று கேட்கும் கேள்வி வண்டியில் போகிறவருக்கான கேள்வி. கையில் எக்ஸ்ரேயுடன் நடந்து போகும் பாட்டியை யாரும் நிறுத்திக் கேட்கப்போவதில்லை. பஸ் இல்லாததால் நடக்கிறார், நடப்பதால் எண்ணப்படுவதில்லை, எண்ணப்படாததால் பஸ் வருவதில்லை.

இறங்குகிறவர்களை எண்ணாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகப் புகழ் பெற்ற உதாரணம் ஒன்று உண்டு. பிரிட்டனில் ரயில்வே நஷ்டத்தில் தள்ளாடியபோது, தலைவராக வந்த ரிச்சர்ட் பீச்சிங் 1963 மார்ச்சில் ஓர் அறிக்கை கொடுத்தார். 2,363 ஸ்டேஷன்களை மூட வேண்டும், சுமார் 5,000 மைல் பாதையைக் கைவிட வேண்டும் என்றது அறிக்கை. ஒவ்வொரு ஸ்டேஷனும் எவ்வளவு சம்பாதிக்கிறது என்று பார்த்தார்கள். எப்படி? அந்த ஸ்டேஷனில் விற்ற டிக்கெட்டை வைத்து. கடலோரச் சிற்றூர்களுக்குக் கோடை விடுமுறையில் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கியவர்கள் டிக்கெட் வாங்கியது தங்கள் சொந்த நகரங்களில். அந்த வருமானம் நகரத்தின் கணக்கில் ஏறியது. கடலோர ஸ்டேஷன் தண்டச்சோறு என்று பெயர் வாங்கியது. பீச்சிங் சொன்னதில் ஒரு பகுதி நியாயம், ஆளே ஏறாத ஸ்டேஷன்கள் நிறைய இருந்தன. ஆனால் கிளைப்பாதைகளை வெட்டியதால் மரம் எதிர்பார்த்தபடி தழைக்கவில்லை. கிளையில் ஏறி வந்து பிரதான ரயிலைப் பிடித்தவர்கள் கார் வாங்கிக்கொண்டார்கள்.

இந்தக் கணக்கு முறை பிரிட்டனோடு போகவில்லை. நம் ரயில்வேயும் ஸ்டேஷன்களைத் தரம் பிரிக்கும்போது அங்கிருந்து புறப்படும் பயணிகளையும் அங்கே கிடைத்த வருமானத்தையும்தான் பார்க்கிறது. திருவனந்தபுரம் - நாகர்கோவில் - கன்னியாகுமரி அகலப்பாதை 1979 ஏப்ரலில் திறக்கப்பட்டது. நெய்யாற்றின்கரையைத் தாண்டினால் அமரவிளை, அதற்கடுத்து தனுவச்சபுரம், பிறகு பாறசாலை. தனுவச்சபுரம் சின்ன நிறுத்தம். ஆனால் அங்கே 1964-லிருந்து ஒரு கல்லூரி இருக்கிறது, தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. காலையில் ரயிலிலிருந்து இறங்கும் மாணவன் சீசன் டிக்கெட்டைப் பெரும்பாலும் தன் ஊர் ஸ்டேஷனில்தான் வாங்கியிருப்பான். தனுவச்சபுரத்தின் பெயரில் ஒரு பைசா ஏறாது. ஊரோ அந்த மாணவனால்தான் கலகலப்பாக இருக்கிறது.

2020 மார்ச்சில் நாடு முழுவதும் பயணி ரயில்கள் நின்றன. மீண்டும் ஓடத் தொடங்கியபோது பல, எக்ஸ்பிரஸ் என்ற புதுப் பெயரோடு வந்தன. குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயாக இருந்தது 30 ஆனது. ரயிலும் அதேதான், பாதையும் அதேதான். 2024 பிப்ரவரியில்தான் பழைய கட்டணம் திரும்பியது. தூரப் பயணிக்கு இந்த 30 ரூபாய் கண்ணில்கூடப் பட்டிருக்காது. இரண்டு ஸ்டேஷன் தள்ளி இறங்குகிறவனுக்கு மும்மடங்கு.

பஸ்ஸுக்கு வருவோம். அரசு பஸ் கழகங்கள் இரண்டு பக்கமும் நஷ்டத்தில் இருக்கின்றன, கேரளத்தில் ஓய்வூதியத்துக்கும் சம்பளத்துக்கும் திண்டாட்டம். இந்த நிலையில் எந்த அதிகாரியும் முதலில் பார்ப்பது ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு வசூல் என்பதை. குறைவாக வசூலாகும் நடைகளை வெட்டுவது எளிது. அதில் முதலில் மாட்டுவது ஸ்டே பஸ். தமிழ்நாட்டில் ஹால்ட் பஸ் என்போம். இரவு கடைசி நடையாகக் கிராமத்துக்கு வந்து, டிரைவரும் கண்டக்டரும் அங்கேயே படுத்து, விடியற்காலை முதல் நடையாகப் புறப்படும் வண்டி. நகரத்தில் கூலி வேலைக்கும் மீன் சந்தைக்கும் பால் கொண்டுபோகவும் அந்த வண்டியை நம்பி இருந்தவர்கள் எத்தனையோ பேர். இரவு கடைசி நடையில் ஏழு பேர்தான் வருவார்கள், வசூல் கேவலமாக இருக்கும். ஆனால் அந்தக் கடைசி நடை இருக்கிறது என்ற தைரியத்தில்தான் அந்த ஏழு பேரும் காலையில் கூட்டமான பஸ்ஸில் ஏறிப் போனார்கள். கடைசி நடையை வெட்டினால் காலை பஸ்ஸிலும் ஏழு பேர் குறைவார்கள். அவர்கள் தவணையில் ஸ்கூட்டர் வாங்கிவிடுவார்கள். அடுத்த வருடம் காலை நடைக்கும் வசூல் குறைவு என்று அறிக்கை வரும்.

இத்தனைக்கும் கையில் விவரம் இல்லை என்று சொல்ல முடியாது. இன்று கண்டக்டர் கையில் இருப்பது டிக்கெட் அச்சடிக்கும் எந்திரம். ஒவ்வொரு டிக்கெட்டிலும் ஏறும் நிறுத்தமும் இறங்கும் நிறுத்தமும் பதிவாகும். எந்த ஊரில் எத்தனை பேர் இறங்கினார்கள் என்பது ஒவ்வொரு இரவும் டெப்போவுக்குத் தானாக வந்து சேருகிறது. பீச்சிங்குக்கு இப்படி ஒரு வசதி இருந்திருந்தால் அவர் அறிக்கை வேறு மாதிரி இருந்திருக்கலாம். நம்மவர்கள் அந்த எந்திரத்திடம் கேட்கும் முதல் கேள்வி மொத்த வசூல் எவ்வளவு என்பது.

தமிழ்நாட்டில் ஒரு நல்ல முயற்சி நடந்தது. 1997-ல் கொண்டுவந்த மினி பஸ் திட்டம். தனியார் வண்டி, மொத்தத் தடம் 20 கிலோமீட்டருக்குள், அதில் 16 கிலோமீட்டர் பஸ்ஸே போகாத பாதையில் ஓட வேண்டும், பஸ் போகும் பாதையில் 4 கிலோமீட்டர்தான். (இந்தப் பதினாறு என்னை விடமாட்டேன் என்கிறது.) பெரிய சாலையிலிருந்து விலகி உள்ளே இருக்கும் ஊர்களை மனதில் வைத்து எழுதப்பட்ட விதி அது. கடந்து போவதற்காக எழுதப்பட்டதல்ல. கன்னியாகுமரி மாவட்டத்தின் உள் கிராமங்களுக்கு அந்தச் சின்ன வண்டிகள் செய்த நன்மை கொஞ்சமல்ல. ஆனால் அதுவும் மாநிலத்துக்குள் போட்ட திட்டம். பஸ் இல்லாத பாதையின் மறுமுனை கேரளத்தில் ஓர் ஆஸ்பத்திரியாக இருந்தால் அந்த விதிக்கு அது தெரியாது.

ஆட்டோவுக்கும் இதே கதி. அடுத்த மாநிலத்துக்குள் வாடகைக்குப் போக அனுமதி வேண்டும். நடைமுறையில் எல்லாம் நடக்கத்தான் செய்கிறது. போலீஸ்காரர் தெரிந்தவர் என்றால் சரி, புதியவர் என்றால் நோயாளி எல்லையில் இறங்கி வேறு ஆட்டோ பிடிக்க வேண்டியதுதான். ஊர் வாழ்க்கை யாரோ கண்ணை மூடிக்கொள்வதை நம்பி நடக்கிறது.

கண்ணை மூடிக்கொள்ளாத ஒரு காலமும் வந்தது. 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது எல்லையின் சின்னச் சின்னப் பாதைகள் அடைக்கப்பட்டன. அதுவரை எல்லை எங்கே என்று தெரியாமலே வளர்ந்த பிள்ளைகள் அதை முதன்முதலாகக் கண்ணால் பார்த்தது அப்போதுதான். மலையோர நெடுஞ்சாலையின் அந்தக் கோடியிலும் இதே காட்சி, இன்னும் கொடுமையாக. காசர்கோடு மக்களுக்குப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரி கர்நாடகத்தின் மங்களூரில். 2020 மார்ச் கடைசியில் கர்நாடகம் எல்லைச் சாலைகளில் மண்ணைக் கொட்டியது. ஆம்புலன்ஸ்கள் திரும்பின, சிகிச்சை கிடைக்காமல் இறந்தவர்கள் உண்டு. ஏப்ரல் 1-ம் தேதி கேரள உயர் நீதிமன்றம் தலையிட வேண்டி வந்தது. தன் மாநிலத்துக்குள்ளேயே போக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நெடுஞ்சாலை கிடைத்த மாவட்டம் அது. அவசரத்துக்குத் தேவைப்பட்டது எல்லைக்கு அப்பால் இருந்த ஆஸ்பத்திரி.

வேறு நாடுகளில் என்ன செய்கிறார்கள்? பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து டிராம் 2017 ஏப்ரலிலிருந்து ரைன் நதியைத் தாண்டி ஜெர்மனியின் கேல் என்ற சிற்றூர் வரை ஓடுகிறது. ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரத்து 8-ம் எண் டிராம் 2014 டிசம்பரிலிருந்து எல்லை தாண்டி ஜெர்மனியின் வைல் என்ற ஊருக்குப் போகிறது. பிரான்ஸும் ஜெர்மனியும் 1870-க்கும் 1945-க்கும் இடையில் மூன்று முறை யுத்தம் செய்த நாடுகள். கேல்காரர் டிராமில் ஏறி பிரான்ஸில் இறங்குகிறார். காரக்கோணமும் கண்ணுமாமூடும் ஒரே மகாராஜாவின் கீழ் இருந்த, ஒரே தேசத்தின் இரண்டு ஊர்கள்.

பெரிதாக ஒன்றும் வேண்டியதில்லை. 88-வது பிரிவில் இருக்கும் அந்தப் பதினாறு கிலோமீட்டர் சலுகையைக் கடந்து போகும் பஸ்ஸோடு நிறுத்தாமல், போய்ச் சேரும் பஸ்ஸுக்கும் கொடுக்கலாம். எல்லையிலிருந்து அந்தத் தூரத்துக்குள் புறப்பட்டு அந்தத் தூரத்துக்குள் முடியும் தடங்களைச் சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் கோப்பு போகாமல், இரண்டு மாவட்டங்களின் வட்டாரப் போக்குவரத்து அதிகாரிகளே உட்கார்ந்து தீர்மானித்துக்கொள்ள விடலாம். கழகங்கள் பயப்படும். நம் பயணியை அவர்கள் கொத்திக்கொண்டு போய்விடுவார்கள் என்று இரு பக்கமும் கணக்குப் பார்க்கும். இந்தச் சட்டத்தைத் திருத்துவது தில்லியின் வேலை. அங்கே இந்த விஷயத்துக்குக் குரல் கொடுக்க எல்லையின் இரு பக்கமும் எம்.பி.க்கள் இருக்கிறார்கள். தேசிய நெடுஞ்சாலைக்காக அவர்கள் பேசிய அளவில் பத்தில் ஒரு பங்கு போதும்.

1860-ல் திருவிதாங்கூர் ஒரு கால்வாய் வெட்ட ஆரம்பித்தது. கடலை ஒட்டித் திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியில் சேர்க்க வேண்டும் என்பது திட்டம். அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய் என்று நீளமான பெயர். கன்னியாகுமரி வரை போகவில்லை, பாதியில் நின்றது. மிச்சமிருப்பதும் பல இடங்களில் தூர்ந்து கிடக்கிறது. பெரிய திட்டங்கள் பாதியில் நிற்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல.

கண்ணுமாமூட்டுக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது பாட்டியின் முகம் வியர்த்திருந்தது. வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தோம். ஒரு இடத்தில் முன்பின் தெரியாத வீட்டுக்காரப் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், யாரென்று கேட்கவில்லை. எக்ஸ்ரே எடுக்கப் போனவர்கள் அந்தப் பக்கமாக நடப்பது அவளுக்குப் பழக்கமாக இருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் பஸ் வந்தது. பாட்டிக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எக்ஸ்ரே உறையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டார், மடங்கிவிடக் கூடாதாம்.

கண்டக்டர் அவருக்குக் காசில்லா டிக்கெட் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தார். மார்த்தாண்டம் என்றேன். டிக்கெட்டை வாங்கிப் பார்த்தேன். ஏறிய இடம் கண்ணுமாமூடு என்று அச்சாகியிருந்தது.